பூமணியைக் கூட்டிவர நெடுந்தீவுக்கு

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸுக்காக நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் என் ஓலைப் பையைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, என்ன விக்க வந்தனீர்?” என்று கேட்டார். பைக்குள் இருந்த பத்திரிகையை எடுத்து விரித்து வாசிக்கத் தொடங்கினேன். சற்று நேரத்தில் அவர் குரல் மாறியது. “ரீச்சரோ?” என்றார். “ஓம்” என்றேன். அவர் தன் பெட்டியை நகர்த்தி எனக்கு நிழலில் இடம் விட்டார்.

நான் ஆசிரியைதான். எங்கள் ஊர் வாகரைக்கும் அப்பால், காடும் கடலும் முட்டுகிற இடத்தில் இருக்கிறது. எங்களை வேடர் என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். எங்கள் குடியில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் என் தங்கை பூமணி. எங்கள் பக்கம் வந்துபோன ஒரு கன்னியாஸ்திரி, அவளுடைய கெட்டித்தனத்தைக் கண்டு சின்ன வயதிலேயே மடத்து விடுதியில் சேர்த்துக்கொண்டார். அவருக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தபோது பூமணியும் கூடப் போனாள். வருஷத்துக்கு ஒரு முறை விடுமுறையில் வருவாள். அம்மாவுக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை. “ஒண்டு படிச்சது போதும், மற்றதையாவது எனக்கு விடு” என்பார்.

அவளைக் கூட்டிவரத்தான் நான் போனேன். எங்கள் அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்துவிட்டது, சடங்கு பாக்கி. வேடர் எல்லாருக்கும் இது உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் குடியில் உண்டு. ஒருவர் இறந்தால் அவருடைய பேரை ஒருவரும் வாயால் சொல்லக்கூடாது. அமாவாசையன்று சடங்கு வைத்து, இறந்தவரின் கடைசிப் பிள்ளை காட்டைப் பார்த்து நின்று அந்தப் பேரை முதல் முறையாகக் கூப்பிடவேண்டும். அப்போதுதான் அவர் வீட்டுக்கு வந்து குடியோடு இருப்பார். அதன் பிறகு எவரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மழை கேட்கலாம், தேன் கேட்கலாம், பிள்ளைக்குச் சுகம் கேட்கலாம். அதற்கு முன் வேறெங்காவது அந்தப் பேர் சொல்லப்பட்டால், சொல்லப்பட்ட இடத்திலேயே அவர் நின்றுவிடுவார்.

இதை நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் ஒரு பதிலும் வீட்டில் ஒரு பதிலும் சொல்வேன். ஆனால் அம்மா நம்புகிறார். புருஷன் வீட்டுக்கு வருவார் என்று வாசலைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

பஸ் பண்ணைக் கடலைத் தாண்டியது. இரண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணீர். அதற்குள் ஆட்கள் நடந்து திரிந்தார்கள். எங்கள் கடலில் அப்படி நடக்கமுடியாது, அது கரையிலேயே ஆளை இழுத்துவிடும். மண்கும்பானில் பஸ்ஸின் ரயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிச் சுடுமணலில் நின்றோம். ஒரு கிழவர் டிரைவரைப் பார்த்து, “தம்பி, நீ பஸ் ஓட்டுறியோ, பஸ் உன்னை ஓட்டுதோ?” என்று கேட்டார். டிரைவர் ரயருக்கடியில் இருந்தபடியே, “எணை அப்பு, நீங்கள் ஏறினாப் பிறகுதான் வெடிச்சது, அதையும் யோசியுங்கோ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டை விட்டுப் புறப்பட்ட பின் அதுதான் முதல் சிரிப்பு.

ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளங்கள் எல்லாம் கட்டிக் கிடந்தன. நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றும் மோட்டர் வள்ளத்துக்காரர் சவிரியான் அண்ணை, கடலைக் காட்டி, “சோளகக் காத்து எழும்பிட்டுது பிள்ளை. இண்டைக்கு ஏலாது. நாளைக்குப் பாப்பம்” என்றார். எங்கே தங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் மனைவியிடம் கூட்டிப்போனார். றோசலின் அக்கா அப்போது குசினியில் ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

நண்டும் மீன் தலையும் பயற்றங்காயும் புளியும் போட்டு, பனங்கிழங்கு மாவைக் கரைத்துக் காய்ச்சுகிற கூழ். பனையோலையைக் கோலிக் கையில் தந்து, அதில் ஊற்றினார். முதல் வாயிலேயே உறைப்பு மூக்கில் ஏறியது. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அவருக்குப் பெரிய சந்தோஷம்.

“எந்த ஊர் நீர்?”

“வாகரைப் பக்கம்.”

“ஐயோ, மட்டக்களப்புப் பக்கமோ! அங்கை போனா மந்திரம் செய்து பாயோடை ஒட்ட வைச்சிடுவினமாம். மெய்யோ?” பிறகு வாசலில் வலையை மடித்துக்கொண்டிருந்த சவிரியான் அண்ணையைப் பார்த்து, “இந்த மனுசனை ஒருக்கா ஒட்டிவிடும் பிள்ளை. விடியப்புறம் எழும்பி ஓடாமல் கிடக்கட்டும்” என்றார்.

“பாயிலை ஒட்டினா உனக்குக் கூழுக்கு மீன் ஆர் தாறது?” என்றார் அவர்.

நாங்கள் வேடர் என்று நானே சொன்னேன். யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது என் வழக்கம். றோசலின் அக்கா அகப்பையை நிறுத்தினார். “வேடரோ? வேடருக்கும் இங்கிலீசு தெரியுமோ?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை; அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டார். நான் பூமணிக்காகப் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை வாசித்துக் காட்டினேன். “மாதாவே!” என்றார். இன்னும் ஒரு அகப்பை கூழ் ஊற்றினார்.

மறுநாள் காற்று தணிந்தது. அரிசி மூடைகளுக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. தீவுகளின் மறைவு முடிந்து வெளிக்கடல் வந்ததும் காலையில் சுடவைத்துத் தந்த மிச்சக் கூழ் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தேன். சவிரியான் அண்ணை ஒரு தேசிக்காயைக் கீறித் தந்து, அந்தப் புளிப்பு மணத்தை முகரச் சொன்னார்.

நெடுந்தீவு தட்டையானது. எங்கே நின்றாலும் எங்கேயும் தெரிகிறது. மண்ணைவிடக் கல் அதிகம். கடலில் விளையும் முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேலியாக்கியிருக்கிறார்கள். காடு இல்லை. நாலு பக்கமும் ஒளிந்துகொள்ள மரமில்லாத ஊரில் நான் அதுவரை நின்றதில்லை. உடுப்பு இல்லாமல் நிற்பது போல் இருந்தது. வெட்டவெளியில் குதிரைகள் மேய்ந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லையாம். தண்ணீர் கேட்டபோது ஒரு பெண் செம்பில் தந்தாள். உப்பு. “இது நல்ல கிணறு” என்றாள்.

மடத்துப் பள்ளிக்கூடம் வெள்ளையடித்துத் துப்புரவாக இருந்தது. பூமணி மண்டபத்திலிருந்து ஓடிவந்தாள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், காலில் சப்பாத்து. என்னைவிட உயர்ந்துவிட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அதை மறைக்கமாட்டேன்.

எங்கள் குடியில் வீட்டில் இழவு என்றால் பெண்பிள்ளைகள் தோட்டைக் கழற்றிவிடுவோம். வெறுங்காதோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றால், வாய் திறக்கத் தேவையில்லை. பார்த்தவள் உட்கார்ந்து அழத் தொடங்குவாள். நான் வெறுங்காதோடு அவள் முன் நின்றேன்.

பூமணி என் காதைப் பார்த்தாள். “அக்கா, தோடு எங்கை? வித்துப்போட்டியளோ?” என்றாள். அப்படியே யாழ்ப்பாணப் பேச்சு. பிறகு சிரித்தபடி, “பறவாயில்லை, நான் உத்தியோகம் பாத்து உங்களுக்கு வாங்கித்தாறன்” என்றாள்.

“அப்பா இல்ல, பூமணி” என்றேன்.

அவள் விளங்காமல் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் அழுதாள். நன்றாக, பிள்ளைபோல, என் தோளில் விழுந்து அழுதாள். அவளுக்கு அன்பில்லை என்று எவரும் சொல்லக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவளைக் கூட்டிப்போய் வளர்த்த சிஸ்டர் ஓடிவந்து எங்களை உள்ளே அழைத்துப்போனார். பாணும் சம்பலும் தேநீரும் தந்தார். நல்ல மனுஷி. பள்ளிக்கூடச் சோதனை நெருங்குகிறதே என்று கவலைப்பட்டாலும், “தகப்பன்ரை காரியம். போகத்தான் வேணும். முடிஞ்ச உடனை கொண்டுவந்து விட்டிடும்” என்றார். நான் தலையை ஆட்டினேன். அம்மா அவளைத் திருப்பி அனுப்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

நான் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மடத்துக் கோயில் மணி அடித்தது. விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக உள்ளே போய் முழந்தாளிட்டிருந்தார்கள். எதற்கு என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். “பூமணியின்ரை அப்பாவுக்குச் செபம், ரீச்சர். பேர் சொல்லித்தான் மன்றாடுறது” என்றாள்.

வாசலுக்கு ஓடினேன். சிஸ்டர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார். நடுவில் புகுந்து எப்படிக் கத்துவது? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் தெளிவாகச் சொன்னார்: “கணபதிப்பிள்ளையின்ரை ஆத்துமம் இளைப்பாற மன்றாடுவோம்.” பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்: “கணபதிப்பிள்ளையின்ரை ஆத்துமம்...”

எனக்கு மூச்சு வந்தது. சிரிப்புக்கூட வந்தது. அது அப்பாவின் பேரே அல்ல.

என்னை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிப்போனபோது, தலைமை வாத்தியார் தகப்பன் பேரைக் கேட்டார். எங்கள் ஆட்கள் தங்கள் பேரைத் தாங்களே சொல்லமாட்டார்கள். கூட வந்த அப்பாவின் தாய்மாமன் சொன்னார். வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இது ஒரு பேரா? இதை எப்படி எழுதுவது?” என்றார். பிறகு தானாகவே கணபதிப்பிள்ளை என்று எழுதிக்கொண்டார். அப்பா கோபப்படவில்லை. “படிப்புக்கு அந்தப் பேர்தான் வேணுமெண்டா அது இருக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து நான் கணபதிப்பிள்ளையின் மகள். பூமணியும் அப்படியே சேர்க்கப்பட்டாள்.

செபம் முடியும்வரை நான் பூமணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, கையைக் குவித்து, கண்ணீரோடு அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த நாள் காலை துறைக்கு நடந்தோம். வழியில் சடங்கைப் பற்றிச் சொன்னேன். அவள்தான் கூப்பிடவேண்டும் என்றேன். பூமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஓம் அக்கா, எனக்குப் பயமில்லை. கணபதிப்பிள்ளை எண்டு காட்டைப் பாத்துக் கூப்பிடுறதுதானே?” என்றாள்.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் குடியில் ஒருவருடைய பேரை அவருக்கு மூத்தவர்கள்தான் சொல்லுவார்கள். மனைவி சொல்லமாட்டாள், பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். நான் சின்னவளாக இருந்தபோது அப்பாவின் தாய்மாமன் காட்டுக்குள்ளிருந்து அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவார். அப்பா தேன் குடத்தோடு பதில் குரல் கொடுப்பார். அப்படித்தான் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மூத்தவர்களில் கடைசியாக இருந்த அந்த மனிதர், பூமணி பிறப்பதற்கு முன்பே செத்துப்போனார். அவள் வாழ்க்கையில் அந்தப் பேரைக் கேட்டதேயில்லை. தகப்பன் பேர் தெரியாத ஒரு கடைசிப் பிள்ளை இருக்கும் என்று எங்கள் குடியில் எவரும் நினைத்துப் பார்த்ததில்லை. அதற்கு வழியும் சொல்லி வைக்கவில்லை. எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவராலும் முடியாது. அவள் கூப்பிடும்வரை எங்கள் வாய் திறக்கக்கூடாது.

சவிரியான் அண்ணையின் வள்ளம் புறப்பட்டது. ஓலைப்பெட்டியில் கோழிகளோடு ஒரு பெண் எங்களுக்கு எதிரே இருந்தாள். மோட்டர் இரைந்தது, காதுக்குள் கத்தினால்தான் பேச்சுக் கேட்கும். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். தீவு பின்னால் ஒரு கோடாகிவிட்டது. முன்னால் கரை இன்னும் தெரியவில்லை. தெறித்த தண்ணீர் எங்களுக்கு முன்னிருந்த பலகையின் ஓரத்தில் தேங்கியிருந்தது.

பேரைச் சொல்லத்தான் கூடாது. எழுதக்கூடாது என்று எவரும் சொல்லவில்லையே. சொல்ல எப்படி முடியும்? எங்கள் குடியில் எனக்கு முன் எழுதத் தெரிந்த ஆள் இருந்ததில்லை.

அந்த யோசனை வந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போதும் மறுக்கமாட்டேன். எத்தனை தலைமுறை வேடருக்கும் இல்லாத ஒரு வழி என் விரலில் இருந்தது. கடதாசியில் எழுதினால் அது கிடந்து யார் கண்ணிலாவது படும். அந்தத் தண்ணீரில் விரலைத் தொட்டுப் பலகையில் எழுதினால் வெயிலில் காய்ந்துபோகும். பூமணியின் காதில் வாய் வைத்து, “அப்பாட சரியான பேர எழுதுறன். வாய் திறக்காத. பாத்து மனசில வெச்சிக்க” என்றேன். அவள் தலையாட்டினாள்.

எழுதினேன். மூன்றெழுத்து.

அவள் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் துக்கம் இல்லை, பயம் இல்லை. ஒரு பெரிய திகைப்பு. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள். தான் வாசித்தது பிழையோ என்று சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. மோட்டர் சத்தத்துக்கு மேலாக, முழுக் குரலில், அந்தப் பேரைச் சொல்லி, “எண்டோ அக்கா? இதென்ன பேர்? இப்பிடியும் ஒரு பேரோ?” என்று கேட்டாள்.

கோழிக்காரப் பெண் திரும்பினாள். “ஆர் பிள்ளை அது?”

“எங்கடை அப்பா” என்றாள் பூமணி.

“நாங்கள் ஒருநாளும் கேள்விப்படாத பேராக் கிடக்கு” என்று அவள் சிரித்தாள். பின்னால் சுக்கான் பிடித்திருந்த சவிரியான் அண்ணை என்ன பகிடி என்று கேட்க, அவள் அந்தப் பேரை அவருக்கும் கத்திச் சொன்னாள். அவரும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

பூமணி என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்தினாள். பலகை அதற்குள் காய்ந்துவிட்டது. நான் திரும்பிக் கடலைப் பார்த்தேன். அடையாளம் வைக்க ஒன்றுமில்லாத தண்ணீர்.

பஸ், பிறகு ரயில், பிறகு பஸ். வீட்டில் சொல்லவேண்டாம் என்று அவளிடம் சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. மடத்தில் வளர்ந்தவளுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் வந்து சேர்ந்தோம். பந்தல் போட்டிருந்தார்கள். சடங்கு செய்யும் கப்புறாளை வந்து காட்டுப்பக்கம் பார்த்தபடி உடுக்கின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பூமணியைக் கட்டிப்பிடித்து, தலையை முகர்ந்து, கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்பாட பேர் உனக்குத் தெரியுமா மகள்?”

அம்மாவும் நாங்கள் வரும்வரை இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பூமணி என்னைப் பார்த்தாள். “ஓம் அம்மா. அக்கா எழுதிக் காட்டினவ. நான் தெரியாமல் சத்தமாய் வாசிச்சுப்போட்டன்.”

“எங்க?”

“கடலிலை. வள்ளத்திலை.”

கப்புறாளையின் கை நின்றது. என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் உடுக்கைத் துணியில் சுற்றினார். “எழுதினா என்ன, சொன்னா என்ன. கூப்பிட்டாச்சு” என்றார். “ரெண்டு தரம் கூப்பிட்டா அந்த மனிசன் எங்க போவான்?” அம்மா கொடுத்த சோற்றை உண்டுவிட்டுப் போனார். மறுநாள் பந்தலைப் பிரித்தோம்.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பின்னேரங்களில் என்னருகே வந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அம்மா ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை.

“அங்க காடு இருக்கா?”

“இல்லம்மா.”

“மரம்?”

“கரையில பனை இருக்கு. கடலில ஒண்டும் இல்ல.”

“ஆக்கள் எப்பிடி?”

நான் கூழைப் பற்றிச் சொன்னேன். றோசலின் அக்காவின் பகிடிகளைச் சொன்னேன். ரயர் வெடித்ததையும், குதிரைகளையும், உப்புத் தண்ணீரையும் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டார். “நல்ல ஆக்கள்தான்” என்றார். சொன்னதையே திரும்பவும் சொல்லச் சொன்னார். எதையாவது விட்டுவிட்டால் பிடித்துவிடுவார். அதனால்தான் எல்லாவற்றையும் இப்படி வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பிறகு ஒருநாள் காலை, பூமணியின் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து வேலியில் காயப்போட்டார். “அவளக் கொண்டுபோய் விடு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “எங்க?”

“பள்ளிக்கூடத்தில. இஞ்ச ஆருக்கு இருக்கிறாள்? அவர் அங்கதானே நிக்கிறார். ஒரு பிள்ளையாவது கிட்ட இருக்கட்டும்.”

பூமணிக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. சோதனைக்கு நேரம் இருக்கிறது என்று ஓடிப்போய்ப் புத்தகங்களை அடுக்கினாள். அம்மா ஒரு போத்தல் தேனை என்னிடம் தந்தார். அந்த இடம் வந்ததும் கடலில் ஊற்றவேண்டுமாம். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல நினைத்தேன்.

“சும்மா ஊத்தாத” என்றார் அம்மா. “பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடு. இனி ஆரும் கூப்பிடலாம்தானே.”